காலை நிறுத்தம், மாலை நிறுத்தம்

வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அவள் அடுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கணவனை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பேசியது அவளோடும் கணவனோடும் வேலை பார்க்கும், சோடாபுட்டி என்று அவர்கள் கூப்பிடும் கண்ணாடிக்காரப் பையன்.

“அக்கா, இன்னிக்குப் போய் இதக் கேக்கறேன்னு திட்டாதீங்க. பள்ளிக்கூடத்துலேர்ந்து ஃபோன் மேல ஃபோன். நாளைலேர்ந்து காலைல பஸ் ஒவ்வொரு ஸ்டாப்புலயும் அஞ்சு நிமிஷம் நிக்கணுமாம். நான் மாத்தினா சாயங்காலமும் அஞ்சாயிடுது. அண்ணன் ரெண்டா எழுதி வெச்சிருந்தாரே, அது எங்க போச்சு?”

“நான்தான் ஒண்ணாக்கினேன். வை, நானே பாக்கறேன்.”

பள்ளிப் பேருந்துகளுக்கான அந்த மென்பொருளைப் பன்னிரண்டு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் கட்டிக் காத்தார்கள். ஒரே கணக்கு இரண்டு இடத்தில் இருந்தால் அவளுக்கு ஆகாது. ஒன்றைத் திருத்தி மற்றதை மறந்தால் அதோகதிதான் என்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப்பிடித்து ஒன்றாக்குவாள். அவனும் சரி சரி என்பான். பஸ் நிற்கும் நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் தனித்தனியாக எழுதியிருந்த இது ஒன்றில் மட்டும் அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கு. எதுக்கு ரெண்டு?”

“இன்னிக்கு ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான். காலைல பிள்ளைங்க ஒத்த ஷூவத் தேடிட்டு, தூங்கி வழிஞ்சுட்டு வரும். சாயங்காலம் பஸ் நிக்கறதுக்கு முன்னாடியே குதிக்கப் பாக்கும். ரெண்டும் வேற வேற, மேடம்.”

முந்தாநாள் காலை அவன் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் ஒன்றாக்கிவிட்டாள். தலையைத் துவட்டிக்கொண்டே திரையைப் பார்த்தவன் சிரித்தான்.

“இருக்கட்டும். ஒருநாள் நீயே பிரிப்ப. அன்னிக்கு எனக்கு ஒரு காபி, உன் கையால.”

“வரும்போது பாக்கலாம்,” என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

அன்றே பதினொரு மணிக்கு மேசையின் எதிர்ப்பக்கத்தில் அவன் தலை சாய்ந்தது. மாரடைப்பு என்றார் டாக்டர்.

இப்போது அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

“இன்னிக்கு ஒருநாளாவது அத மூடி வைங்களேன் அண்ணி,” என்றாள் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த நாத்தனார்.

“அஞ்சு நிமிஷம்மா.”

அவன் எழுதியது பழைய பதிவில் பத்திரமாக இருந்தது. காலை நிறுத்தம். மாலை நிறுத்தம். இரண்டையும் மறுபடி கொண்டுவந்தாள். காலையில் மூன்றை அழித்து ஐந்து போட்டாள். மாலையைத் தொடவில்லை. சோடாபுட்டி அங்கிருந்தே மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டு, “சரியாயிடுச்சுக்கா,” என்றான் ஃபோனில்.

“ரெண்டே நாள். பொறுத்திருக்கக் கூடாதா, பாவி,” என்று எதிர்நாற்காலியைப் பார்த்து வாய்விட்டே சொன்னாள். இரண்டு நாளாக அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பாலைச் சுடவைத்தாள்.

“காபியா? எனக்கு வேண்டாம் அண்ணி.”

“உனக்கில்லம்மா.”

சர்க்கரை தூக்கலாகப் போட்டு, ஆற்றி, மேசையின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். நாத்தனார் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள்.

சற்று நேரத்தில் காபியின் மேல் ஆடை படிந்தது. அவனுக்கு ஆடை பிடிக்காது. அவள் ஒரு ஸ்பூனை எடுத்துவந்து, அதை மெல்ல ஒதுக்கி எடுத்தாள்.