மைனஸ் ஒன்றுக்குள் எத்தனை ஒன்று

1

இந்தக் கதை ஒரு பயிற்சி வகுப்பில் பிறந்தது. தரவுத்தளத்தில் பிட் கவுண்ட் என்றொரு கட்டளை உண்டு. ஓர் எண்ணைக் கொடுத்தால், கணினி அதை ஒன்றும் சைபருமாக எழுதி வைத்திருப்பதில் எத்தனை ஒன்று என்று எண்ணிச் சொல்லும். எனக்கு ஏனோ அழுகை வந்தது. வகுப்பில் அழுதால் மானம் போகும் என்று கதையாக்கிவிட்டேன்.

2

அந்தி சாயும் வேளையில் அவள் கண்ணாடிச் சுவரருகே

(வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே மூடிவிடுவேன்.)

அவளுடைய நிறுவனம் தனியாக வாழும் முதியவர்களின் வீட்டில் ஒரு கருவியை மாட்டும். அது ஒரு நாளை அறுபத்து நாலு துண்டாகப் பிரித்துக்கொள்ளும். ஆள் நடமாடிய துண்டுக்கு ஒன்று, இல்லாவிட்டால் சைபர். ஒன்றுகளை எண்ணும் வரியை எழுதியவள் அவள்தான். எண்ணிக்கை குறைந்தால் பிள்ளைகளுக்குத் தகவல் போகும். அப்பா வீட்டிலும் ஒன்றை மாட்டினாள்.

"என்னை வேவு பாக்க பெட்டியா?"

"போன் பண்ணினா தொணதொணக்கிறேன்னு சொல்றீங்களேப்பா."

"தொணதொணத்தாலும் பரவாயில்ல. போன் பண்ணு."

3

ஒரு நாள் காலை திரையில் அப்பாவின் பெயருக்கு நேரே அறுபத்து நாலு. தம்பியை அழைத்துச் சிரித்தாள்.

"அப்பா கால்ல சக்கரம் கட்டியிருக்கார்டா!"

"பேசினியா?"

"எதுக்கு? ஜம்முனு இருக்கார்."*

கருவியிடமிருந்து பதில் வராவிட்டால் மைனஸ் ஒன்று என்று பதிவது அங்கே வழக்கம். கணினிக்குள் மைனஸ் ஒன்று என்பது சைபரே இல்லாமல் அறுபத்து நாலு இடத்திலும் ஒன்றுகள். அதை அவள் யோசிக்கவில்லை. முந்தின ராத்திரி விழும்போது அப்பா கருவியின் வயரைப் பிடித்திருக்கிறார். அது பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. பிறகு அவர் தரையில் கிடந்தபடி

(இதை எழுத மாட்டேன். அவள் சிரித்ததற்கு மறுநாள்தான் கதவை உடைத்தார்கள் என்பது போதும்.)

* ராத்திரி தூங்கக்கூட இல்லையா என்று அவள் கேட்டிருக்க வேண்டும். நானே மூன்றாம் முறை எழுதும்போதுதான் கேட்டேன்.

4

எழுதிப் பார்த்த முடிவுகள். ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரர் சமயத்தில் வந்து அப்பா பிழைக்கிறார், பொய் பல்லிளித்தது. இன்னொன்றில் மேலாளர், "உன் தப்பு இல்லம்மா" என்கிறார்; அவள் கழிவறைக்குப் போய் அழுகிறாள். அது உண்மைதான், ஆனால் முடிவு இல்லை.

மிஞ்சியது இது. வேலைக்குத் திரும்பியவள் வரியைத் திருத்துகிறாள்: மைனஸ் வந்தால் எண்ணாதே, உடனே தகவல் அனுப்பு. சோதிக்க ஒரு பழைய நாள் வேண்டும். அப்பாவின் அந்த நாளையே எடுக்கிறாள். திருத்தம் சரியாக வேலை செய்கிறது. அவள் கைப்பேசியில் தகவல் வந்து விழுகிறது: 'அப்பாவை உடனே அழைக்கவும்.'

அழைக்கிறாள்.

பூட்டிய வீட்டில் மணி அடிக்கிறது. இதற்கு மேல் எனக்கு எழுதக் கை வரவில்லை. யாரையாவது போனை எடுக்கச் சொல்ல முடியுமா என்று நீங்கள்தான் பாருங்களேன்.