பிளாப்பிக்குப் பொட்டு

நாளைக்கு விருதுநகரில் எனக்கு நிச்சயதார்த்தம். நானோ சூளகிரிப் பட்டறையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். துளை போடும் மெஷினை ஓட்டுவது அதுதான். ஹார்டு டிஸ்க் செத்துப்போனதால் புதிது மாட்டி லினக்ஸை மறுபடி ஏற்ற வேண்டும். சிடி டிரைவ் போய்ச் சேர்ந்துவிட்டது, பென்டிரைவ் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. பிளாப்பி போட்டால்தான் எழுந்திருக்கும்.

"அது ஓடினா நீ ஊருக்குக் கெளம்பும்மா, மோகனப்ரியா" என்றார் முதலாளி திம்மப்பன். லீவு கேட்டு ஒரு மாசம் ஆகிறது!

நேற்றே லினக்ஸ் பிளாப்பிகளைத் தயாரித்து, கெட்டால் ஆகுமென்று பிரதிகளும் எடுத்து, மிஞ்சிய காலி பிளாப்பிகளோடு மேசையில் வைத்திருந்தேன். முதல் பிளாப்பியைப் போட்டேன். திரையில் 'LI' என்று இரண்டே எழுத்து வந்தது, அப்புறம் மூச்சில்லை.

"பேரக்கூட முழுசாச் சொல்ல வலிக்குதா ஒனக்கு?" என்று கத்தினேன்.

அடுத்ததற்கு அதுவும் இல்லை, கர்கர் சத்தம்தான். வெளியே எடுத்தால் கமகமவென்று சந்தன வாசம். பிளாப்பியின் தகரக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே சந்தனம், அதன்மேல் குங்குமம்.

அன்று வெள்ளிக்கிழமை. வாராவாரம் காலையில் மெஷின்களுக்கெல்லாம் பூஜை போடுகிற முனிராஜைக் கூப்பிட்டேன்.

"ஏண்ணே, இது ஒங்க வேலையா?"

"ஆமாங்க மேடம். கதவு இருந்திச்சி. வாசக்காலுக்குப் பொட்டு வெக்காம உடலாமா?"

"எல்லாத்துக்குமா வச்சீங்க?"

"கடைசி ரெண்டுக்குச் சந்தனம் பத்தல மேடம்" என்றார், குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு.

அந்த இரண்டும் காலி பிளாப்பிகள். கட்டிப்பிடிக்காத குறைதான். ஸ்பிரிட்டும் பஞ்சும் வைத்து டிரைவைத் துடைத்தேன். என் லேப்டாப்பில் தனி பிளாப்பி டிரைவைச் சொருகி அந்த இரண்டிலும் லினக்ஸை எழுதிப் போட்டேன். முதலாவது எழுந்தது, இரண்டாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டது, மீதியை நெட்வொர்க்கில் இழுத்து ஏற்றிக்கொண்டது. துளை மெஷின் உறுமியபோது எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

திம்மப்பன் எட்டிப் பார்த்தார். "ஆயித்தா?"

"ஆச்சு சார். நான் கெளம்புறேன்."

"பேஷ்! குடோன்ல இதே மாதிரி மூணு கெடக்குது. நாளைக்கு அதையும் எழுப்பிடு. நிச்சயத்த அடுத்த வாரம் வெச்சுக்கலாமே."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. இரண்டு பிளாப்பியையும் எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"இதுகளும் நிச்சயத்துக்கு வருது சார். செவ்வாக்கெழம சேந்தே வாரோம்."

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், முனிராஜைக் கூப்பிட்டார்.

"மேடத்தக் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல பத்திரமா எறக்கி உடு."

கொஞ்சம் யோசித்து, "அந்தப் பையையும்" என்றார்.