ஹாரனும் ஹெட்லைட்டும்

முதல் தடவை லைட் அணைந்தபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டிக்கு முன்னால் மஞ்சளாகத் தெரிந்த ரோடு சட்டென்று காணாமல் போனது. நான் பிரேக்கில் கால் வைப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் ஹபீப், "பள்ளத்துல எறங்குச்சுல்ல, அதான்" என்றார். நான் கேட்காமலே அவர் காரணம் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மஞ்சூரில் அக்கா மகளுக்கு நிச்சயம். மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. டீ குடிச்சுட்டுப் போ, போட்டோ எடுத்துட்டுப் போ என்று அக்கா இழுத்து இழுத்து, வண்டியை எடுக்கும்போது ஐந்தரை ஆகிவிட்டது. டிசம்பர் மாதம். இரண்டு கிலோமீட்டர் வருவதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. குன்னூருக்கு இன்னும் ஒரு மணி நேர ரோடு. இடது பக்கம் தேயிலை மேடு, வலது பக்கம் இடுப்பளவுச் சுவர். சில இடத்தில் அந்தச் சுவரும் இடிந்து கிடக்கும்.

கார் எங்களுக்குப் புதிது, உலகத்துக்குப் பழையது. பதினான்கு வருடம் ஓடிய சின்ன வெள்ளைக் கார், மேட்டுப்பாளையத்தில் ஒருவரிடம் வாங்கினோம். ஓட்டுவது நான். ஹபீபுக்கு ஸ்கூட்டர்தான் வரும். வாங்கிய அன்றே எங்களுக்குள் சண்டை. இதன் ஹெட்லைட் வெளிச்சத்தில் பீடி பற்றவைக்கக்கூட முடியாது, லைட்டை மாற்ற வேண்டும் என்றார் அவர். லைட் கிடக்கட்டும், இதன் ஹாரன் கொசு கத்துவது போல இருக்கிறது, முதலில் அதை மாற்றுங்கள் என்றேன் நான். கடைசியில் இரண்டையும் வாங்கினோம். மெக்கானிக்கிடம் கொடுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். மனிதர் கேட்டால்தானே!

"நானென்ன இன்னிக்கு நேத்தா ஒயர் புடிக்கறேன்?"

குன்னூர் கடைவீதியில் அவருக்கு மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. இருபது வருடமாக ஊர்ப் பெண்களின் மிக்ஸி எல்லாம் அவர் கையில்தான். அந்தத் தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்தார். பழைய பல்பைக் கழற்றிப் பனிக்கு ஏற்ற மஞ்சள் பல்பு, நூறு வாட்ஸ், மாட்டினார். அவ்வளவு கரன்ட்டைப் பழைய ஒயர் தாங்காது என்று ரிலே என்ற சின்னக் கறுப்பு டப்பாவையும் வைத்தார். ஸ்விட்சைப் போட்டால் அது 'டிக்' என்று பிடிக்கும். அது பிடித்தால்தான் பல்பு எரியும். பிறகு எனக்காக ஒரு ஜோடி பெரிய ஹாரன். லைட்டைப் போட்டுக் காட்டினார், கண் கூசியது. அணைத்துவிட்டு ஹாரனை அடித்துக் காட்டினார், எதிர் வீட்டு நாய் குரைத்தது. நான்தான் நல்லா இருக்குங்க என்று சொன்னேன்.

இரண்டாவது தடவை ஒரு கொண்டை ஊசி வளைவில் அணைந்தது. இந்த முறை உடனே வரவில்லை. எண்ணினால் இரண்டு எண்ணலாம். அந்த இரண்டு எண்ணிக்கையில் எனக்கு எதிரில் ரோடும் இல்லை, சுவரும் இல்லை, சாம்பல் நிறம் மட்டும்தான். வண்டி இறக்கத்தில் தானாக உருண்டுகொண்டிருந்தது.

"ஏனுங்க, லைட்டு போகுதுங்க!"

"வந்துருச்சுல்ல புள்ள. பயப்படாத."

"வந்துச்சு. அடுத்த தடவ வரலேன்னா?"

மூன்றாவது வளைவிலும் போனது. நேர் ரோட்டில் அழகாக எரிந்தது. வளைவு வந்தால் போனது. எங்கே கண் வேண்டுமோ அங்கே கண்ணைப் பிடுங்கியது. என் கை ஸ்டீயரிங்கில் வழுக்க ஆரம்பித்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டேன். நான் வெலிங்டனில் வேலை பார்க்கிறேன், தினமும் மலை ரோட்டில் போய் வருகிறவள், பனியைப் பார்த்துப் பயப்படுகிற ஆள் இல்லை. ஆனால் அன்று பயந்தேன்.

"ஸ்டீரிங்க ஒடிக்கறப்ப ஒயர் இழுக்குது போல. நிறுத்து, பாக்கறேன்" என்றார்.

நிறுத்த இடம் எங்கே இருக்கிறது? மேட்டோரமாக எவ்வளவு ஒதுக்கினாலும் பாதி வண்டி ரோட்டில்தான் நின்றது. செல்போனில் டவர் இல்லை. அவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். ஸ்டீயரிங்கை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்றார். திருப்பினேன். லைட் அசையாமல் எரிந்தது. ஃபியூஸைத் தொட்டுப் பார்த்தார், பல்பின் பின்பக்கத்தை ஆட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நின்ற வண்டியில் ஒரு குறையும் இல்லை.

நான் பின்பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு லாரி வந்தால் எங்களைப் பார்க்காது. அப்போது மேலே தேயிலைக்குள் எதுவோ செடியை ஒடித்துக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது. மெதுவாக, கனமாக, பெருமூச்சு விட்டபடி. காட்டெருமை. அது இறங்கினால் நேராக அவர் முதுகின்மேல்தான் இறங்கும்.

"ஏனுங்க, வாங்க உள்ள!" என்று கத்தினேன். அவர் தலை பானெட்டுக்குள் இருந்தது. இஞ்சின் சத்தத்தில் காதில் விழவில்லை. எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தது. ஹாரனை ஓங்கி அழுத்தினேன்.

லைட் அணைந்தது.

வண்டி நின்றுகொண்டிருக்கிறது, ஸ்டீயரிங் நேராக இருக்கிறது, லைட் அணைந்தது. கையை எடுத்தேன். இரண்டு எண்ணியபின் 'டிக்' என்றது, எரிந்தது. மறுபடி அழுத்தினேன், அணைந்தது.

வளைவு இல்லை. நான்தான். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் யாரும் வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்ப மாட்டார்கள். மூச்சு விடுவது போல அது தானாக நடக்கும், அடித்தது நினைவில்கூட இருக்காது. ஒவ்வொரு வளைவிலும் என் கையாலேயே என் கண்ணைக் குத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஹபீப் உள்ளே ஓடி வந்து கதவைச் சாத்தினார். காட்டெருமை ஹாரனுக்கு மிரண்டு மேலேயே போய்விட்டது.

"ஹாரன் ஒயர எங்க கட்டுனீங்க?"

"ரேடியேட்டர் பக்கத்துல ஒரு போல்ட்டுல."

"லைட்டோட ஒயரு?"

அவர் தூக்கியிருந்த பானெட்டைப் பார்த்தார். பிறகு மெல்ல, "அதோட எர்த்தும் அதே போல்ட்டுதான். பெயின்ட்டச் சொரண்டாம மேலயே வெச்சு முடுக்கிட்டேன். எர்த்து தானேன்னு…" என்றார்.

எர்த்து தானே! ஊரில் பாதி மிக்ஸி எர்த் இல்லாமல்தான் ஓடுகிறது. ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் அது. இல்லாவிட்டாலும் சட்னி அரைபடும். இருபது வருடப் பழக்கம் அவருக்கு. காரில் அப்படி இல்லை. போன கரன்ட் திரும்பி வருவதற்கே அதுதான் வழி. பெயின்ட் மேல் உட்கார்ந்த அந்த ஒரே போல்ட் வழியாக அவருடைய லைட்டும் என்னுடைய ஹாரனும் முட்டி மோதிக்கொண்டு போகின்றன. ஹாரன் அடித்தால் அது எல்லாவற்றையும் அடைத்துக்கொள்ளும், ரிலே பிடியை விட்டுவிடும்.

"சரி, இப்ப முடுக்குங்க."

"ஸ்பேனர் இல்ல. டூல் பாக்ஸ ஊட்டுலயே எறக்கி வெச்சுட்டோமே."

நிச்சயத்துக்குப் பிரியாணி தேக்சா வைக்க இடம் வேண்டும் என்று இறக்கி வைக்கச் சொன்னது நான்தான். அவர் போய்க் கையால் திருகிப் பார்த்தார். போல்ட் கொதித்தது, இரண்டு விரல் சிவந்துவிட்டது. வேறு இடத்தில் கட்டலாம் என்று ஒயரைப் பல்லால் கடித்துக்கூடப் பார்த்தார். நூறு வாட்ஸுக்கு ஏற்ற தடி ஒயர் அது, பல்லுக்கு மசியவில்லை.

"ஹாரன் அடிக்காம ஓட்டு. வளைவுல நான் எறங்கி முன்னால நடக்கறேன். எதுத்தாப்புல ஏதாச்சும் வந்தா போன் டார்ச்ச ஆட்டறேன்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கேயே நின்றால் பின்னால் வருகிறவன் இடிப்பான். பிஸ்மில்லா சொல்லிக் கியர் போட்டேன்.

நாலு வளைவுகள் அப்படித்தான் வந்தோம். ஒவ்வொன்றிலும் அவர் இறங்கி நடப்பார். லைட் வெளிச்சத்தில் அவருடைய நிச்சயதார்த்த வெள்ளைச் சட்டையின் முதுகு தெரியும். நான் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே முதல் கியரில் ஊர்ந்து போவேன். ஹாரனுக்குப் போகிற கையை அடக்கி அடக்கித் தோள் வலித்தது. நாலாவது வளைவு தாண்டி வண்டியில் ஏறும்போது, "போன்ல சார்ஜ் நாலு பர்சென்ட்" என்றார். சாதாரணமாகச் சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டார்.

ஐந்தாவது வளைவு இருப்பதிலேயே மோசமானது. வண்டி திரும்பவே ரோடு முழுவதும் வேண்டும், ஓரத்தில் சுவரும் இல்லை. அவர் இறங்கி நடந்தார். பதினைந்து அடி போயிருப்பார், கீழேயிருந்து பஸ் ஏறும் உறுமல் கேட்டது. பிறகு ஹாரன், நீளமாக ஒன்று.

அந்த ஹாரனின் அர்த்தம் எனக்குத் தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ்காரர், யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறார். இருந்தால் பதில் ஹாரன் அடிக்க வேண்டும். பதில் வராவிட்டால் ரோடு காலி என்று எடுத்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அகலமாக வீசித் திருப்புவார். ஏறுகிற பஸ், வேகத்தைக் குறைத்தால் மறுபடி இழுக்காது. குறைக்க மாட்டார்.

ஹபீபுக்கும் தெரியும். அவர் ஓரத்துக்கு ஓடவில்லை. பஸ்ஸை நிறுத்தப் போனைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் முன்னால் ஓடினார். ஓடும்போதே அவர் கையில் இருந்த டார்ச் அணைந்தது. அவர் அணைந்த போனையே ஆட்டிக்கொண்டு, "ஓய்! ஓய்!" என்று கத்தினார். அந்த உறுமலில் அது யாருக்குக் கேட்கும்? இப்போது அவரைக் காட்டுவது என் ஹெட்லைட் ஒன்றுதான்.

ஹாரன் அடித்தால் பஸ் நிற்கும். ஆனால் லைட் போகும், நடுரோட்டில் நிற்கிற மனிதர் பஸ்ஸுக்கும் தெரிய மாட்டார், எனக்கும் தெரிய மாட்டார். அடிக்காவிட்டால் லைட் இருக்கும், பஸ் நிற்காமல் அவர்மேலேயே வரும். இவ்வளவையும் நான் யோசித்தேனா என்றால், தெரியாது. பஸ்ஸின் உறுமல் உயர்ந்தது. பஸ்காரர் திருப்பத் தொடங்கிவிட்டார் என்று மட்டும் புரிந்தது.

அழுத்தினேன்.

லைட் போனது. அவர் முதுகு போனது. நான் கையை எடுக்கவில்லை. இரண்டு கையையும் வைத்து, உடம்பு எடையையெல்லாம் போட்டு அழுத்தினேன். யா அல்லா, யா அல்லா என்று கத்தியிருக்கிறேன். அது எனக்கே கேட்கவில்லை. எதிரே பனி வெள்ளையாக வெளுத்தது. பஸ்ஸின் வெளிச்சம். அதற்குள் ஆள் நிழல் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிரேக் கிறீச்சிட்டது. ஏதோ நொறுங்கும் சத்தம் கேட்டது.

பஸ் நின்றுவிட்டது. யாரோ கதவைத் திறந்து குதித்தார்கள். நான் ஹாரனை விடவில்லை. விட்டால் லைட் வரும், லைட் வந்தால் ரோட்டில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைப் பார்க்க என்னால் முடியாது. வாழ்நாள் முழுக்க இப்படியே இருட்டில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்துவிடலாம் என்று தோன்றியது.

என் பக்கத்துக் கதவு திறந்தது. ஈரமான, சேறு பிசுபிசுத்த கை ஒன்று என் கைமேல் வந்தது. இரண்டு விரலில் கொப்புளம் வந்திருந்தது.

"நசீரா. விடு புள்ள. எடு கைய. நான்தான்."

ஒவ்வொரு விரலாக அவர்தான் பிரித்தார். ஹாரன் நின்றது. காது விண்ணென்றது.

"நீ அடிச்ச ஒடனே தெரிஞ்சுபோச்சு, லைட்டு போயிரும்னு. சாக்கடைல குதிச்சுட்டேன்" என்றார். பல் தந்தியடித்தது அவருக்கு. "நீ அடிக்காம இருந்திருந்தா நான் அங்கயேதான் நின்னுருப்பேன்."

நான் அவர் சட்டையைப் பிடித்து நெஞ்சில் அடித்தேன். இனி மிக்ஸியைத் தவிர எதையாவது தொட்டால் கையை முறிப்பேன் என்றேன். சொல்லிக்கொண்டே அழுதேன். அவர் அடியை வாங்கிக்கொண்டு நின்றார்.

'டிக்' என்று சத்தம் வந்தது. லைட் எரிந்தது. எங்கள் வண்டிக்கு ஏழெட்டு அடி முன்னால் பஸ்ஸின் முகம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. அவர் கை ஆட்டிக்கொண்டிருந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அங்கே பஸ்ஸின் முன்சக்கரம் இருந்தது. கண்டக்டர் குனிந்து, அதன் அடியிலிருந்து சப்பையாகிப்போன ஒரு போனை இழுத்துக்கொண்டிருந்தார்.