நாற்பத்தொரு முறை சாகாதவன்

அரியலூர், பெரம்பலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் சாவைத் தோற்கடித்த ஒரே மனிதன் நான்தான். இதில் மிகை ஏதும் இல்லை. நாற்பத்தொரு முறை சாவின் வாய்க்குள் நடந்து போயிருக்கிறேன். நாற்பத்தொரு முறையும் நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணோடு திரும்பி வந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் பதிவு இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். செருப்பை மட்டும் வெளியே விட வேண்டும்.

சாவின் வாய் என்று நான் சொல்வது, அரியலூருக்கு வெளியே ஒரு சிமெண்ட் ஆலையின் மூன்றாம் நம்பர் பெல்ட். சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைச் சுமந்து வரும் அரை கிலோமீட்டர் ரப்பர் பட்டை. உண்மையான பெல்ட் வெயிலில் ஓடுகிறது. அதன் நகல் பயிற்சி அறையில், ஏ.சி.யில், ஒரு ஹெட்செட்டுக்குள் ஓடுகிறது. அதை முகத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு கையிலும் பிடிகளைப் பிடித்தால், கண்ணுக்கு முன்னால் பெல்ட், காதில் ரோலர் சத்தம். ஸ்விட்ச் பெட்டியை அணைத்து, வேறு யாரும் ஓட்டிவிடாதபடி பூட்டு மாட்டி, உள்ளே சிக்கிய கல்லை எடுத்து வர வேண்டும். தப்பு செய்தால் திரை சிவந்து, "நீங்கள் இறந்துவிட்டீர்கள். மீண்டும் முயலவும்" என்று வரும். நிஜச் சாவில் இரண்டாவது வரி கிடையாது.

என் பெயர் பூவரசன். பெரம்பலூரில் மெக்கானிக்கல் கடைசி வருடம். இரண்டு மாதப் பயிற்சிக்கு வந்த என்னை, பாதுகாப்பு அதிகாரி காசிநாதன் சார் ஹெட்செட்டுக்குப் பொறுப்பாக்கினார். அறையில் மற்ற எல்லாரையும்விட எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை.

முதல் நாள் இருபத்திரண்டு காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் வந்தார்கள். பத்தொன்பது பேர் இறந்தார்கள். காரணம் எந்த இன்ஜினியரிங் புத்தகத்திலும் இல்லாதது. இந்தப் பக்கத்தில் யாரும் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் வேலையைத் தொடங்குவதில்லை. பஸ் டிரைவர் ஸ்டீயரிங்கைத் தொடுவார். இவர்கள் பெல்ட்டைத் தாங்கி நிற்கும் இரும்புக் காலைத் தொடுவார்கள். மென்பொருள் எழுதியவர்களுக்குக் காலும் பெல்ட்டும் ஒன்றுதான். ஓடும்போது எதைத் தொட்டாலும் சாவு. ஏலாக்குறிச்சியிலிருந்து வருகிற ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிழைத்தார் என்று நினைத்தேன். பிறகு விரலை முத்தமிட்டுக் காலைத் தொட்டு அவரும் போய்ச் சேர்ந்தார்.

நான் வெள்ளைப் பலகையில் 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி, பத்தொன்பது பெயரையும் வரிசையாகப் போட்டேன். கீழே, 'இவண்: ரப்பரைக் கும்பிடுவோர் சங்கம்.'

"செத்தாச்சுல்ல?" என்று கேட்டார் ஆண்டாயி. பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கல்லைக் கூட்டி அள்ளுகிறவர். "அப்ப நான் டீ குடிக்கப் போவலாமா தம்பி?"

"போங்க அக்கா. ஆவிக்கு சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லுங்க."

சிரிக்காதவர் ஒருவர்தான், வெற்றிச்செல்வி. திருமானூர் பஸ்ஸில் வருகிறவர், முப்பது வயதிருக்கும். பெல்ட் ஆபரேட்டர் வேலை ஒன்று காலியாக இருந்தது. கேபினில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டுகிற, நிறுத்துகிற வேலை. ஹெட்செட் தேர்வில் தேறினால் அது அவருக்கு. மூன்று வாய்ப்பு. முதல் நாளும் மறுநாளும் கும்பிட்டு இறந்திருந்தார். மிச்சம் ஒன்று.

"கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் போங்களேன் அக்கா" என்று யோசனை சொன்னேன்.

"கட்டிக்கிட்டுப் போனா பூட்ட எதால போடுறது, பல்லாலயா?"

"அப்ப கும்பிடாம இருங்க. ரப்பர் கோவிச்சுக்காது."

"எட்டு வருசமாத் தொட்டுட்டுத்தான் உள்ள போறேன். கை தானாப் போவுது தம்பி. நான் சொல்லியா போவுது?" தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முன்ன வேற எடத்துல வேல பாத்தப்ப, பெல்ட்டு சும்மா நின்னுட்டு இருந்துச்சு. பக்கத்துல இருந்தவ உள்ள கை வுட்டு கல்ல எடுத்தா. கேபின்ல இருந்த ஆளு ஓட்டிட்டாரு. நிறுத்துங்கன்னு கத்துறேன், அவருக்குக் கேக்கல. ரெண்டு விரல் போச்சு. அன்னைலேருந்து அந்த ஸ்விட்சு என் கையில இருக்கணும்னு நெனச்சிட்டிருக்கேன்."

நக்கலை ஒதுக்கிவைத்துத் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கினேன். "ஓடும்போது தொட்டாதான் சாவு. நின்னா தொடலாம். நிறுத்திட்டுக் கும்பிடுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இல்லை. நன்றி கெட்ட உலகம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது தேர்வுக்கு அறை நிறைந்துவிட்டது. ஹெட்செட்டுக்குள் அவர் பார்ப்பது சுவரிலிருந்த டி.வி.யிலும் தெரியும். காசிநாதன் சார் தானே வந்து பட்டனை அழுத்தினார். பெல்ட் வந்தது. ஆனால் ஓடவில்லை. அசையாமல் நின்றது.

"லட்டு மாதிரி கேள்வி" என்றேன் பக்கத்திலிருந்த ஆண்டாயியிடம். "நின்னுகிட்டே இருக்கு. தொட்டுக் கும்பிட்டு நேரா உள்ள போயிடலாம்."

"சும்மா இரு தம்பி" என்றார் ஆண்டாயி.

வெற்றிச்செல்வியின் வலது கை தானாக எழுந்தது. இரும்புக் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"இருடி, வரேன்" என்று பெல்ட்டிடம் சொன்னார்.

திரும்பி ஸ்விட்ச் பெட்டிக்கு நடந்தார். 'மூன்று' என்று எழுதியிருந்த பெட்டியை அணைத்தார். பூட்டு மாட்டினார். சாவியை இடுப்பில் செருகினார். நிஜ இடுப்பில்தான், கையிலிருந்த பிடியை அங்கே அழுத்தி. பிறகு நான் நாற்பத்தொரு முறையில் ஒரு முறைகூடச் செய்யாத ஒன்றைச் செய்தார். பெல்ட்டுக்குப் பக்கத்தில் வந்து பச்சைப் பட்டனை அழுத்திப் பார்த்தார்.

பெல்ட் ஓடியது.

அவர் சிவப்புப் பட்டனை அடித்து நிறுத்தினார். "பெட்டியில பேர மாத்தி ஒட்டிருக்கானுவ" என்று முணுமுணுத்தார். அடுத்த பெட்டிக்குப் போனார். அதில் 'நான்கு' என்று இருந்தது. அணைத்தார், பூட்டினார், மறுபடியும் வந்து பச்சைப் பட்டனை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்தினார். அப்புறம்தான் இரும்புக் காலைத் தொட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, அவசரமில்லாமல் உள்ளே போய்ச் சிக்கியிருந்த கல்லை எடுத்தார்.

திரை பச்சையானது. நூறு.

ஆண்டாயி கொடுத்த குலவையில் ஏ.சி.யே ஒரு நொடி தயங்கியது. யாரோ வெற்றிச்செல்வியைத் தூக்கிவிட்டார்கள். ஹெட்செட்டைக் கழற்றாமலே தூக்கியதால், "யார்ரா அது, எறக்கி வுடுங்கடா, பெல்ட்டு மேல ஏத்திடாதீங்க" என்று காற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். காசிநாதன் சார் கை தட்டினார். அவர் கை தட்டி யாரும் பார்த்ததில்லை.

"மூணாவது வாய்ப்புக்குன்னு தனியா வச்ச காட்சி இது" என்றார் சார். "பெட்டியில பேர் மாறியிருக்கும். பூட்டுறவங்க நெறைய பேரு. ஓட்டிப் பாக்குறவங்க இல்ல."

"சார், நானும் ஒரு தடவை" என்றேன். என் சாதனைக்கு நாற்பத்திரண்டு இன்னும் அழகான எண்.

மாட்டிக்கொண்டேன். மாறிய பெயரை இப்போதுதான் பார்த்தேன் என்பதால், நேராக 'நான்கு' பெட்டிக்குப் போனேன். பூட்டினேன், உள்ளே ஏறினேன். உள்ளே பதினோரு வினாடிதான் தாங்கினேன். ரோலர் சத்தம் காதை நிறைத்தது. காலடியில் உலகம் நகர்ந்தது. திரை சிவந்தது.

"ஒவ்வொரு தடவையும் வேற பெட்டியில மாத்தி ஒட்டும் தம்பி" என்று சாரின் குரல் எங்கோ கேட்டது.

ஹெட்செட்டைக் கழற்றியபோது ஆண்டாயி வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றிருந்தார். 'கண்ணீர் அஞ்சலி'க்குக் கீழே இருபதாவதாக என் பெயர். எழுத்து கோணல், ஆனால் பிழை இல்லை.

"தம்பிக்கு ஒரு டீ சொல்லுங்கடி" என்றார். "சர்க்கரை கம்மியா."

பயிற்சியின் கடைசி வாரம், நிஜமான மூன்றாம் நம்பர் பெல்ட்டில் ரோலர் தேய்மானம் அளந்துவர என்னை அனுப்பினார்கள். கேபின் கண்ணாடிக்குப் பின்னால் வெற்றிச்செல்வி, புது நீலச் சட்டையில். ஸ்விட்ச் அவர் கையில் இருந்தது. அவர் நிறுத்தினார். நான் என் பூட்டை மாட்டினேன். சாவியைப் பாக்கெட்டில் போட்டேன். பச்சைப் பட்டனை அழுத்தினேன். ஓடவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன்.

வெயிலில் பெல்ட் படுத்துக் கிடந்தது. ஹெட்செட்டில் வராத ஒரு வாசனை அதற்கு இருந்தது, காய்ந்த ரப்பரும் சுண்ணாம்பும் கலந்து. முன்னாலும் பின்னாலும் பார்த்தேன். யாரும் இல்லை.

இரும்புக் கால் சூடாக இருந்தது.

வாக்கி டாக்கியில் கேபினிலிருந்து குரல் வந்தது. "என்ன தம்பி, கண்ணுல கைய வச்சிட்டு நிக்கிறீங்க. தூசி வுழுந்துடுச்சா?"

"ஆமாக்கா" என்றேன். "தூசிதான்."