எனக்கென்று ஒரு சிரிப்பு

ஆர்மெலுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, வயிற்றெரிச்சல். சாவை வைத்துச் சிரிக்க வைக்கிறவனுக்குச் சாவே நேரில் வந்து விஷயம் தருகிறது. இனி அவனை யார் முந்த முடியும்? என்னிடம் இருந்ததெல்லாம் மூட்டுவலி.

லியோனில் ஒரே நிலவறை அரங்கில், ஒரே வருடம் நகைச்சுவை பேச மேடையேறியவர்கள் நாங்கள். அம்மாவின் சவப்பெட்டி லிப்டுக்குள் நுழையாத கதையைச் சொல்லியே அவன் பாரிஸுக்குப் போய்விட்டான். தொலைக்காட்சி, பெரிய அரங்குகள் எல்லாம் வந்தன. நான் அவனுக்கு முன்னால் பேசிக் கூட்டத்தைச் சூடேற்றுகிறவன் ஆனேன். எனக்குச் சிரித்தவர்கள்கூட அவன் வந்துவிட்டானா என்று திரையைப் பார்த்துக்கொண்டேதான் சிரித்தார்கள்.

நோயை வைத்தும் ஒரு நிகழ்ச்சி போட்டான். டிக்கெட்டுக்கு அடிதடி. கடைசியில் ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூப்பிட்டான்.

"டேய் ரெஜிஸ், என் சாவுக்கு நீதான் பேசணும். யாராவது அழுதா வந்து உன் கழுத்தைப் பிடிப்பேன்."

"எழுதிக் குடு, படிச்சிடறேன்," என்றேன் குத்தலாக.

"ஒரு வரி தரமாட்டேன். உன் சரக்கு, நீயே பார்த்துக்க."

எனக்குப் பின்னால் அவன் மேடையேற முடியாத ஒரே நிகழ்ச்சி அது. அவன் கூட்டத்திடம் எனக்கென்று ஒரு சிரிப்பாவது வாங்கிவிட வேண்டும் என்ற வெறியில் எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன்.

தகனக்கூடத்தில் பெட்டியை வைத்ததும் எழுந்தேன்.

"ஆர்மெல் இன்னைக்குத்தான் நேரத்துக்கு மேடைக்கு வந்திருக்கான். அதுக்கும் நாலு பேர் தூக்கிட்டு வர வேண்டியிருக்கு."

முன்வரிசையில் அவன் மனைவி சில்வேன்தான் முதலில் சிரித்தாள்.

"இருபது வருஷமா சாவைக் கிண்டல் பண்ணான். அது கேஸ் எல்லாம் போடல. நேர்லயே வந்திடுச்சு."

கூடம் குலுங்கியது. கலைஞனின் பெட்டி போகும்போது எங்கள் வழக்கப்படி எல்லோரும் கைதட்டினார்கள். அதில் பாதி எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு எல்லோரும் எதிரே இருந்த மதுக்கடையில் கூடினோம். சில்வேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"செத்தும் சிரிக்க வச்சுட்டார் மனுஷன். ரெஜிஸ், உங்ககிட்ட இதை எப்ப எழுதிக் குடுத்தார்?"

"நான்தான் எழுதினேன்," என்றேன்.

ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு வெடித்துச் சிரித்தாள். அதை அவள் பக்கத்து மேசைக்குச் சொல்ல, கடையே சிரித்தது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய சிரிப்பு எனக்குக் கிடைத்ததே இல்லை.