மேனேஜருக்கு ஒரு மூடி

“கண்ணாடி வெடிச்சு மீன் மேல விழுந்தா, உங்க அப்பனா வந்து பொறுக்குவாரு?”

“எங்க அப்பாவ இழுக்காதீங்க. இருபது வருஷமா கண்ணாடியோடதான் நான் குடும்பம் நடத்துறேன். எது வெடிக்கும், எது தாங்கும்னு எனக்குத் தெரியும்.”

இரண்டாவது குரல் எதிர்வீட்டு லேப்காரியுடையது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் சோதனைக் குழாய்களோடு பிழைப்பு. முதல் குரல் அவள் வீட்டுக்காரர் போர்டுக்காரருடையது. கடைகளுக்கு விளக்கெரியும் பெயர்ப்பலகை செய்பவர். எங்கள் பால்கனிக்கும் அவர்கள் பால்கனிக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் போகும் சந்துதான். ஆகவே நான் ஒட்டுக்கேட்கவில்லை. காது இருந்தது, கேட்டது. துணி உலர்த்த வந்தவள் ஒரே துண்டை நான்காவது முறையாக உதறிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

சண்டை அவர்கள் மீன்தொட்டியின் மூடியைப் பற்றியது. தொட்டியில் ஒரே மீன். முழங்கை நீளம், வெள்ளிச் செதில், மோவாயில் இரண்டு மீசை. விரலளவில் வாங்கி ஆறு வருஷம் வளர்த்தவள் அவள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி எல்லோரையும் சந்தேகமாகப் பார்ப்பதால் அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர். வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றும் முன்பே தொட்டியைத் தட்டுவாள். அது அவள் விரலோடேயே நீந்தி வரும். “இந்த வீட்ல நான் வந்தது தெரிஞ்சு திரும்பிப் பாக்குறது இது ஒண்ணுதான்க்கா” என்று ஒருமுறை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மேனேஜருக்குத் துள்ளும் பழக்கம் உண்டு. ஒருநாள் சோபாவிலேயே வந்து விழுந்தது. மூடி வேண்டும். ஆனால் தொட்டிக்கு மேலே போர்டுக்காரர் தன் பட்டறையில் கழித்த ஹாலஜன் விளக்கைத் தொங்கவிட்டிருந்தார். அதன் வெளிச்சத்தில் மீன் நகைக்கடையாக ஜொலித்தது. அதன் சூட்டில் கை வைத்தால் தோல் கழன்றுவிடும். “சூடில்லாத எல்இடி போட்டா எந்த மூடியும் நிக்குமேப்பா” என்றாள் அவர்கள் மகள். “லைட்டப் பத்தி எனக்கே பாடமா?” என்று அவர் கேட்டதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் ஒருநாள் பால்கனியிலிருந்தே, “கம்பி வலை போட்டா என்ன?” என்றேன். அந்த வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் பேசியது அப்போதுதான். “துருப்பிடிக்கும்!” என்றார் அவர். “துரு மீனுக்கு விஷம்!” என்றாள் அவள். வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் அவர் எழுத்து தப்பாக வெட்டிய ஓர் அக்ரிலிக் பிளாஸ்டிக் ஷீட்டைக் கொண்டுவந்து போட்டார். மேலே சூடு, கீழே ஈரம். இரண்டே நாளில் ஷீட் நடுவில் குழிந்து ஓரங்கள் எழும்பின. அவர் அசரவில்லை. தினம் காலையில் திருப்பிப் போட்டார். வளைந்தது தானாக நேரானது. அதைத் தன் கண்டுபிடிப்பு என்றார்.

“இது மூடியா, படுத்த படுக்கையா கெடக்குற நோயாளியா? தெனம் பொரட்டிப் போடணுமா?” என்பாள் அவள்.

அவள் சூடு தாங்கும் கண்ணாடிக்கு ஆள் வரவழைத்தாள். கண்ணாடிக் கடைக்காரப் பையன் மூன்று முறை அளவெடுக்க வந்தான். மூன்று முறையும் போர்டுக்காரர் துரத்தினார். டேப்பின் மறுமுனையை மகள் பிடித்துக்கொண்டு நின்ற அழகைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மூன்றாவது துரத்தலில் வந்ததுதான் அன்றைய சண்டை.

“அவ்வளவு தெரிஞ்சவ, நாளைலேருந்து நீயே திருப்பிப் போட்டுக்கோ. நான் தொடமாட்டேன்.”

“உங்க ஷீட்டு, உங்க கௌரவம். என் கை அதுல படாது.”

மறுநாளே மகள் வேலைப் பயிற்சிக்கு வெளியூர் போய்விட்டாள். முதல் நாள் மூலை ஒரு விரல் எழும்பியது. இரண்டாம் நாள் நாலு விரல். மூன்றாம் நாள் ஒரு சாண். என் பால்கனியிலிருந்து எனக்கே தெரிந்தது, அவர்களுக்குத் தெரியாதா? அவர் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பொத்தான் போட்டார். அவள் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே மீனுக்கு இரை போட்டாள். மற்றவர் இறங்கி வரட்டும் என்று இருவருமே காத்திருந்தார்கள். தெரு விவகாரமெல்லாம் அளக்கிற என் வாய், வலைக்கு வாங்கிய திட்டை நினைத்து, அந்த ஒரு விவகாரத்தில் மட்டும் மரியாதையாக மூடிக்கிடந்தது.

மூன்றாம் நாள் மதியம் அவள் வேலையிலிருந்து வந்தாள். தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாமை பொறுக்காமல் நான் இறங்கி, அந்தச் சந்தைத் தாண்டி அவர்கள் படியேறினேன். கதவு திறந்தே இருந்தது. மேனேஜர் மேஜைக்கடியில், செதில் காய்ந்து, தூசி ஒட்டிக் கிடந்தது. காலித் தண்ணீர்மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சமையலறை வாசலில் அவர், சோற்றுக்கையோடு.

“நீங்க வந்து எவ்வளவு நேரமாச்சு?”

“அரைமணி இருக்கும்.”

“சத்தம் கேக்கல?”

“ஏதோ விழுந்தாப்ல இருந்துச்சு. நீ வந்து பையப் போட்டேன்னு நெனச்சேன்.”

“நான்னு நெனச்சீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “நான்னு நெனச்சும் எந்திரிச்சுப் பாக்கல.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் அந்த விளக்கை வெறுங்கையால் பற்றி இழுத்தாள். ஒயர் அறுந்தது, கூரைக் காரை கொட்டியது, தோல் கருகும் வாடை எனக்கு வந்தது. அவள் விடவில்லை. பால்கனிவரை கொண்டுபோய்ச் சந்தில் எறிந்தாள். திரும்பும்போதுதான் என்னைப் பார்த்தாள்.

“நீங்களும் பாத்துட்டுதானக்கா இருந்தீங்க?”

நான் வந்த வழியே படியிறங்கினேன்.

அந்த மாதமே அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு பார்த்துப் போய்விட்டாள், தொட்டியையும் தூக்கிக்கொண்டு. அடுத்த வருஷம் மகள் அந்தக் கண்ணாடிக் கடைக்காரப் பையனையே கட்டிக்கொண்டாள். என்னைத் தவிர எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். மாப்பிள்ளை மாமியார் தொட்டிக்கு இம்மி பிசகாமல் கண்ணாடி மூடி போட்டுக் கொடுத்தானாம். உள்ளே இன்னும் மீன் விடவில்லை என்று கேள்வி.

போர்டுக்காரர் இங்கேதான் இருக்கிறார். அந்த ஷீட்டை வெயிலுக்கு மறைப்பாகப் பால்கனிக் கம்பிமேல் போட்டிருக்கிறார். மதியத்துக்குள் அது குழிந்துவிடுகிறது. காலையில் முகம்கூடக் கழுவாமல் வந்து, இரு கையாலும் தூக்கி, மெதுவாகத் திருப்பிப் போடுகிறார். நான் துண்டை ஒருமுறை உதறிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.