ஆகாசத்து மாப்பிள்ளையின் மூன்றாவது இறக்கம்

தன்னை வலை போட்டுப் பிடிக்க ஆள் சேர்ந்துவிட்டது என்பது கேப்டன் விக்டருக்கு அறுநூறு அடி உயரத்தில்தான் தெரிந்தது.

கீழே விமானத் தளம். அதன் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் கரைவலை. வலையின் இரண்டு பக்கமும் கயிறு பிடித்தபடி ஆட்கள். அவர்களுக்கு நடுவில் வெள்ளைக் கால்சட்டையும் கழுத்தில் டையுமாக ஒருவர். அவர் இன்ஸ்பெக்டர். விக்டரின் இறக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட மதராஸிலிருந்து வந்தவர். அவரும் கயிறு பிடித்திருந்தார்!

பெட்ரோல் முள் படுத்துவிட்டது. இன்னொரு சுற்றுக்கு வழியில்லை.

எப்படி வந்தது இந்த வினை? அன்று மத்தியானத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

1949. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் சல்லிசாகத் தள்ளிவிட்ட விமானங்களை வாங்கி, ஆளாளுக்கு ஒரு கம்பெனி தொடங்கியிருந்த காலம். தூத்துக்குடியில் தொடங்கியது 'கொற்கை ஏர்வேஸ்'. எட்டுப் பேர் உட்காரக்கூடிய விமானம் ஒன்று. பைலட்டும் ஒருவர்தான், விக்டர். பிரயாணிகள்தான் இல்லை.

"ரயில்ல போனா ரெண்டு கூடை கருப்பட்டியும் கூட வரும். இதுல நான் மட்டும் போயி என்ன செய்ய?" என்று கேட்டார்கள் வியாபாரிகள். விமானம் உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த பட்டாளத்துத் தளத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்கியது.

விமானம் தூங்கலாம், பைலட் தூங்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் மூன்று தடவையாவது இறங்கிக் காட்டாத பைலட், பிரயாணிகளை ஏற்றக் கூடாது என்பது விதி. விக்டரின் கெடு அன்று பொழுது சாய்வதோடு முடிந்தது. மறுநாள் காலையில், நெடுநாளைக்குப் பின் முதல் சவாரி. பலசரக்குக் கடை பால்துரை அண்ணாச்சி குடும்பத்தோடு மதராஸுக்குப் பெண் பார்க்கப் போகிறார். அதுவரை சொட்டுப் பெட்ரோல் தராத கம்பெனி, அன்றுதான் மூன்று சுற்றுக்கு மட்டும் அளந்து ஊற்றியது. மூன்று இறக்கம் முடிந்தால் சவாரி விக்டருக்கு. முடியாவிட்டால் மதராஸிலிருந்து வேறு பைலட் வருவார், விக்டர் வீட்டுக்குப் போகலாம்.

அந்த வீடுதான் பயம். வீட்டில் மாமியார் இருந்தாள்.

"ஆகாசத்துல பறக்குத மாப்பிள்ளைன்னு எம் மவ இசபெல்லாவக் குடுத்தேன். மனுசன் கட்டில விட்டே எந்திரிக்கக் காணோம்" என்று கோயில் வாசலில் வைத்தே சொல்லக்கூடியவள் அமலோற்பவம். விமானம் வராத தளத்தைப் பார்த்து ஊரே உச்சுக்கொட்டியபோது, "இம்புட்டு நல்ல களத்த ஆண்டவரு சும்மாவா குடுத்தாரு?" என்று நெத்திலியைக் கொண்டுவந்து காயப்போட்டதும் அவள்தான்.

மத்தியானம் விக்டர் அவளிடம் போய் நின்றார்.

"மாமி, மீன அள்ளணும். விமானத்த எடுக்கப் போறேன்."

"எங்க போறிய?"

"எங்கயும் இல்ல. சும்மா ஒரு சுத்து."

"சும்மா சுத்துததுக்கு எம் மீன அள்ளணுமாக்கும்? தின்னது செரிக்கணும்னா கடற்கரையில நடங்க, மருமவனே!"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் சேதி ஆலந்தலை வரைக்கும் போய்விடும். விக்டர் வாயைத் திறக்கவில்லை. அங்கேதான் சனியன் ஏறி உட்கார்ந்தது.

கடைசியில் அமலோற்பவம் இறங்கி வந்தாள். "கெழக்க பாதிய ஒதுக்கித் தாரேன். மேக்க ஒரு மீனு நசுங்கட்டும், உங்க அம்மைய வரச்சொல்லி நியாயம் கேப்பேன்."

இன்ஸ்பெக்டர் குடையும் நாற்காலியுமாக வந்து சேர்ந்தார். "முதல் இரண்டு தடவை சக்கரம் தரையில் பட்டு ஓடினால் போதும், அப்படியே ஏறிவிடலாம். மூன்றாவது தடவை விமானம் தானாக நிற்க வேண்டும்" என்றார். விக்டர் தலையாட்டிவிட்டு ஏறினார்.

முதல் இறக்கம் பூப்போல அமைந்தது. நெத்திலிக்கு மேலே பறந்து வந்து, கிழக்குப் பாதியில் சக்கரத்தைத் தொட்டு ஓடவிட்டு மறுபடி ஏறினார்.

ஓரத்தில் நின்ற அமலோற்பவம் நெற்றியைச் சுருக்கினாள். இரண்டாவது தடவையும் விமானம் வந்தது, தொட்டது, ஏறிப் போய்விட்டது.

"சேசுவே! எறங்க முடியலயே!"

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அலையில் சிக்கி இரண்டு தடவை கரை தட்டித் திரும்பின வள்ளத்தை மூன்றாந்தடவை தனியாக விடக் கூடாது. யார் வள்ளம், எந்த வீட்டுச் சண்டை என்று பார்க்காமல், கண்டவரெல்லாம் கயிற்றோடு ஓட வேண்டும். அமலோற்பவம் தலைமுடி அவிழக் கடற்கரைக்கு ஓடினாள். அங்கே மரியான் தன் ஆட்களோடு கரைவலையை உதறிக்கொண்டிருந்தான்.

"ஏலே மரியான்! எம் மருமவன் ரெண்டு மட்டம் கரை தட்டித் திரும்பிட்டாவ! வலையத் தூக்கிட்டு ஓடியா!"

"வலையா? ஆகாசத்துல ஓடுதது வலைக்கு நிக்குமா, யக்கா?"

"சுறாவே நிக்கி! எம் மருமவனுக்கு என்ன கேடு?"

மரியான் அதற்கு மேல் கேட்கவில்லை. முதல் இரண்டு தடவையும் சக்கரம் பட்ட இடத்தில் வலை விரிந்தது. இன்ஸ்பெக்டர் குடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"நிறுத்துங்க! அவர் வேணும்னுதான் ஏறிப் போறார்!"

"வேணும்னு எவனாவது கரையத் தொட்டுட்டுத் திரும்புவானாய்யா?" என்றான் மரியான். "வடக்க ஆளு கொறையுது. வாயப் பாக்காம கயித்தப் புடியும்!"

முரட்டுக் கையொன்று கயிற்றை அவர் கையில் திணித்தது. நாற்பது பேர் இழுத்த இழுப்பில் அவரும் சேர்ந்துபோனார்.

மேலே விக்டருக்கு வியர்த்தது. கிழக்கே இறங்கினால் வலை. மேற்கே இறங்கினால் மாமியாரின் நெத்திலி. கடலில் இறங்கினால் ஒருவேளை நிம்மதி.

வலது என்ஜின் ஒரு தடவை இருமியது.

"மாதாவே, மாமிகிட்ட நீதான் பேசணும்" என்று முணுமுணுத்துவிட்டு நெத்திலி மேலேயே இறக்கினார்.

சறசறவென்று ஒரு சத்தம். வெள்ளி மழை போல மீன் இரு பக்கமும் தெறித்தது. பிரேக்கை மிதித்தார். மீனெண்ணெயில் சக்கரம் வழுக்கியது. வலை நெருங்கியது. "விடாதிய! விடாதிய!" என்று மரியான் கத்துவது கேட்டது. விமானம் பக்கவாட்டில் ஒரு ஆட்டம் ஆடி, வலைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

நின்ற மறுநொடி அத்தனை பேரும் பாய்ந்து அதன் மூக்கில் வலையைப் போர்த்தினார்கள்.

"புடிச்சாச்சு!" என்று மரியான் முழங்கினான்.

விக்டர் வெளியே குதித்தார். "ஏலே, நான்தாம்லே நிறுத்தினேன்! நீங்க புடிச்சீங்கன்னா எனக்கு வேலை போச்சு!" என்று ஆரம்பித்து விதி, கெடு, மூன்று இறக்கம் எல்லாவற்றையும் கொட்டினார். அமலோற்பவம் இடுப்பில் கை வைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "விமானம் தானாக நின்றதா, வலை நிறுத்தியதா? அதைப் பொறுத்துத்தான் எழுத முடியும்."

"நீரு கிட்டத்தானே நின்னீரு? பாக்கலயா?" என்றான் மரியான்.

விமானம் நின்ற நேரத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சகல தெய்வங்களையும் கூப்பிட்டுக்கொண்டிருந்ததை மரியான் பார்த்திருந்தான்.

சூரியன் உப்பளத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நின்றது.

அமலோற்பவம் குரலைத் தேனாக்கினாள். "ஏன் சார், வலைதான் நிறுத்திச்சுன்னா, புடிச்சவுக பேரெல்லாம் எழுதணும்லா? வடக்குக் கயித்துல மூணாவது ஆளு நீங்கதான்."

இன்ஸ்பெக்டர் உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு தோலை உரித்திருந்தது. பிறகு, சக்கரத்துக்கும் முதலில் வலை விரிந்திருந்த இடத்துக்கும் நடுவே கிடந்த ஒரு முழத் தரையைக் குனிந்து பார்த்தார். அங்கே சக்கரத் தடம் இல்லை.

"விமானம் தானாகத்தான் நின்றிருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டார்.

"இத மத்தியானமே சொன்னா வாய் வெந்தா போகும்?" என்று மருமகனிடம் திரும்பினாள் அமலோற்பவம். "இனி மூணு மாசத்துக்கு ஒருக்கா முன்னாடியே சொல்லுங்க, களத்த மாத்திக்கிடுதேன். நசுங்கினதுக்கு மட்டும் நீங்கதான் பொறுப்பு."

மறுநாள் காலை பால்துரை அண்ணாச்சி குடும்பத்தோடு ஏறினார். கடைசி இருக்கையில் ஒரு பெரிய ஓலைக் கூடை கட்டிவைக்கப்பட்டிருந்தது. அண்ணாச்சி மூக்கை உறிஞ்சினார்.

"கேப்டன், இது என்ன?"

"மதராஸ்ல இருக்க கொழுந்தியாளுக்கு மாமி குடுத்தது, அண்ணாச்சி. நெத்திலி."

"இதுல கூடை ஏத்தலாமா?" அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட பாவி மனுசா, இத மொதல்லயே சொல்லப்படாதா? திரும்பி வந்ததும் என் கடைக்கு வாரும், கருப்பட்டிக் கூடை ஏத்தணும்!"